ஆறு வயது மகள், நான்கு வயது மகன்: விளையாட்டை வகுப்பில் தொடங்குவதா, குடும்பமாகத் தொடங்குவதா?

மடிப்பாக்கம் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறோம். கணவரும் நானும் வேலைக்குச் செல்பவர்கள். குடியிருப்பிலுள்ள பிள்ளைகள் பலரும் ஸ்கேட்டிங், பேட்மிண்டன், சதுரங்கம், பரதம் என்று ஏதேனும் ஒரு வகுப்பில் சேர்ந்துவிட்டதால், மாலை ஆறு மணிக்குக் கீழே இறங்கினால் எங்கள் பிள்ளைகளுடன் விளையாட எவரும் இருப்பதில்லை. மகள் எல்லாவற்றிலும் சேர வேண்டும் என்கிறாள். மகனோ புதிய இடம் என்றாலே என் புடவைத் தலைப்பை விட மறுக்கிறான்.

கணவரோ நானோ பள்ளியில் எந்த விளையாட்டிலும் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். வார நாள்களில் ஒரு மணி நேரமும் ஞாயிறு காலையும்தான் எங்களால் ஒதுக்க முடியும். அந்த நேரத்தில் இருவரையும் ஏதேனும் ஒரு வகுப்பில் சேர்த்துவிடுவது நல்லதா, அல்லது நாங்களே அவர்களுடன் சேர்ந்து சிலவற்றைச் செய்து பார்ப்பது நல்லதா? நான்கு வயது என்பது மிகவும் சீக்கிரமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சுவடு (மதுரை) எழுதியது:

வணக்கம் அம்மா. நான் மாலை வேளைகளில் சிறுவர்களுக்குச் சிலம்பம் கற்பிக்கிறேன். கட்டணம் வாங்கும் ஓர் ஆசான் இப்படிச் சொல்வது வியப்பாகத் தோன்றலாம்; ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையை மட்டும் வாசலில் இறக்கிவிட்டுப் போகும் பெற்றோரிடம், முதல் ஒரு மாதம் நீங்களும் உள்ளே வந்து நில்லுங்கள் என்றுதான் நான் கேட்டுக்கொள்கிறேன். தாயோ தந்தையோ பக்கத்தில் நின்று அதே காலடியைத் தடுமாறித் தடுமாறி வைக்கும்போது, பிள்ளை அவர்களைத் திருத்தத் தொடங்கும். அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு அதைவிடப் பெரிய ஊக்கம் வேறொன்று இருப்பதாக நான் கண்டதில்லை.

நான்கு வயதுக் குழந்தையின் கையில் நான் கம்பைக் கொடுப்பதில்லை. தரையில் சுண்ணக்கட்டியால் கோடு வரைந்து, முன்கால், பின்கால், பக்கவாட்டுக் கால் என்று சுவடு மட்டும் வைக்கச் சொல்வேன். அதையும் பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டுவதில்லை. ஆறு வயதில் எடை குறைந்த கம்பு ஒன்றைப் பிடிக்கலாம். வயது வந்தவருக்குக் கம்பு நெற்றி அளவுக்கு இருப்பது வழக்கம். சிறுவர்களுக்கு அதைவிடக் குட்டையானதும், அவர்கள் விரல்கள் முழுவதும் சுற்றிப் பிடிக்கக்கூடிய பருமன் உள்ளதும் வேண்டும். தடித்த கம்பைக் கொடுத்துவிட்டு மணிக்கட்டு சுழலவில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை.

2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்ற பிறகு, பிள்ளையைப் பதக்கத்துக்காகவே அழைத்துவரும் பெற்றோர் கூடியிருக்கிறார்கள். அவர்களுடைய ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையிடம் பதக்கத்தைப் பற்றிப் பேசினால் அதற்குப் பயம்தான் வரும்.

பொருநைக்கரை எழுதியது:

வேறு எதைத் தொடங்கினாலும், தொடங்காமல் போனாலும், நீச்சலை மட்டும் தள்ளிப் போடாதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். பேட்மிண்டன் தெரியாத பிள்ளைக்கு அதனால் ஆபத்து எதுவும் இல்லை. கோயில் குளம், கிணறு, ஆறு, ஏரி, கடல் என்று எங்கு திரும்பினாலும் நீர்நிலை உள்ள நம் மாநிலத்தில், நீந்தத் தெரியாத பிள்ளையின் நிலை அவ்வாறானதன்று.

நான் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவன். எங்கள் ஊர்ப்பக்கம் உலர்ந்த சுரைக்குடுக்கையையோ கல்யாண முருங்கைக் கட்டையையோ முதுகில் கட்டி, இடுப்பில் ஒரு கயிறும் கட்டி, தாய்மாமனோ தந்தையோ கிணற்றில் இறக்கிப் பழக்குவார்கள். அந்த முறையில் இன்றும் மதிக்கத்தக்கது ஒன்று உண்டு: கற்றுக்கொடுப்பவர் எப்போதும் தண்ணீருக்குள், பிள்ளையின் கைக்கெட்டும் தொலைவில் இருந்தார். அதே காலத்தில் பயம் போகட்டும் என்று பிள்ளையைத் திடீரெனத் தூக்கிப் போடும் வழக்கமும் இருந்தது. அவ்வாறு போடப்பட்டவர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் தண்ணீரை வெறுத்ததை நான் அறிவேன். அதை எவரும் பின்பற்ற வேண்டாம். மேலும், அன்றைய ஆறு இன்று இல்லை. மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் எங்கே இருக்கின்றன என்பது உள்ளூர்க்காரருக்கே தெரிவதில்லை. எனவே முதல் பாடம் ஆழம் தெரிந்த குளத்தில்தான் நடக்க வேண்டும்.

சென்னையில் 1995ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட வேளச்சேரி நீச்சல் வளாகம் உங்கள் பகுதிக்கு அருகில்தான் இருக்கிறது. அங்கு வயது விதிகளையும் நேரத்தையும் நேரில் கேட்டறிந்துகொள்ளுங்கள். எந்தக் குளத்துக்குச் சென்றாலும், கணவரும் நீங்களும் கரையில் கைப்பேசியுடன் அமராமல் நீரில் இறங்குங்கள். உங்களில் ஒருவருக்கு நீந்தத் தெரியாது என்றால், பெரியவர்களுக்கான வகுப்பில் அவரும் சேரட்டும்.

குழந்தைநலம் (கோவை) எழுதியது:

நான் குழந்தைகள் நல மருத்துவராகப் பணியாற்றுகிறேன். நான்கு வயது சீக்கிரமா என்ற கேள்விக்கு என் பதில், அசைவதற்குச் சீக்கிரம் அன்று, போட்டிக்கு மிகவும் சீக்கிரம் என்பதே. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடங்களாவது ஏதேனும் ஓர் உடலசைவில் ஈடுபட வேண்டும். அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். ஐந்து வயதுக்கு மேல் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் மிதமான அல்லது தீவிரமான உடலியக்கம் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் நடக்கும் முக்கால் மணி நேர வகுப்பு எதுவும் இந்தத் தேவையை நிறைவு செய்யாது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தாலே தெரியும். அதிலும் வரிசையில் நின்று தன் முறைக்காகக் காத்திருக்கும் நேரமே பெரும்பகுதியாக இருக்கும் வகுப்புகள் உண்டு. படியேறுவது, பூங்காவில் ஓடுவது, தந்தையுடன் பந்தை உருட்டுவது ஆகிய அனைத்தும் அந்த 180 நிமிடங்களில் சேரும்.

நீச்சலைப் பற்றிப் பொருநைக்கரை எழுதியதை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். அதனுடன் இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்க்கிறேன். கடைகளில் விற்கும் காற்று நிரப்பிய கைவளையங்கள் பாதுகாப்புக் கருவிகள் அல்ல. அவை நழுவக்கூடியவை, மேலும் குழந்தையைச் செங்குத்தாக மிதக்கவைத்து, நீந்துவதற்கு நேர்மாறான உடல்நிலையைப் பழக்கிவிடுகின்றன. இரண்டாவது, நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையசைப்பதும் இல்லை. ஓசையே இல்லாமல் நடந்து முடிந்துவிடும். ஆகவே பிள்ளை வகுப்பில் நன்றாக நீந்துகிறது என்பதற்காகப் பெரியவரின் கண்காணிப்பைத் தளர்த்திவிடக் கூடாது.

வெயிலையும் மறக்க வேண்டாம். கோடையில் காலை ஏழரை மணிக்குள் முடித்துவிடுங்கள், அல்லது மாலை ஐந்து மணிக்குப் பிறகு தொடங்குங்கள். தாகம் எடுப்பதற்கு முன்பே, பதினைந்து இருபது நிமிடங்களுக்கு ஒரு முறை சில மடக்குத் தண்ணீர் கொடுங்கள்.

மைதானம் எழுதியது:

மேலே எழுதியவர்களிடமிருந்து மரியாதையுடன் மாறுபடுகிறேன். என் மகன் மாநில அளவில் பேட்மிண்டன் ஆடுகிறான். எல்லாவற்றையும் சிறிது சிறிது தொட்டுப் பார்க்கும் பிள்ளை எதிலும் ஊன்றி நிற்பதில்லை என்பது என் கருத்து. 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் உலக சதுரங்க வாகையர் பட்டம் வென்ற குகேஷ், ஏழு வயதில் சதுரங்கம் கற்கத் தொடங்கியவர். சீக்கிரம் தொடங்காமல், முறையான பயிற்சியாளர் இல்லாமல், அந்த உயரம் கிடைத்திருக்குமா? பெற்றோர் தாங்களே கற்றுக்கொடுக்கும்போது தவறான பிடியும் தவறான கால்வைப்பும் பழகிவிடுகின்றன. பின்னால் அவற்றை மாற்றுவதற்குப் பயிற்சியாளருக்கு ஓராண்டு ஆகிறது. இந்த இழையில் அதை எவரும் குறிப்பிடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

குழந்தைநலம் (கோவை) எழுதியது:

மைதானம் அவர்களின் கவலை நியாயமானது. ஏழு எட்டு வயதுக்கு மேல் ஆர்வம் உறுதியாகத் தெரியும் பிள்ளைக்கு நல்ல பயிற்சியாளர் கட்டாயம் வேண்டும். ஆயினும் சதுரங்கத்தில் சரியானது தோள், முழங்கால், கணுக்கால் ஆகியவற்றைப் பயன்படுத்தும் விளையாட்டுக்கும் சரியாக இருக்கும் என்று கொள்ள முடியாது. ஒரே விளையாட்டை ஆண்டு முழுவதும் ஆடும் சிறுவர்களுக்கு, ஒரே மூட்டும் ஒரே எலும்பு நுனியும் ஓய்வின்றிச் சுமை தாங்குவதால் வரும் காயங்களை நான் மருத்துவமனையில் தொடர்ந்து பார்க்கிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான விளையாட்டுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பதைப் பதினைந்து, பதினாறு வயது வரை தள்ளிப்போடலாம் என்று கூறுகிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற சில விளையாட்டுகள் இதற்கு விலக்கு. ஆறு வயது மகளுக்கு இன்றே முடிவெடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

சுவடு (மதுரை) எழுதியது:

சதுரங்கத்தையே எடுத்துக்கொண்டாலும், பிரக்ஞானந்தாவின் கதையை மைதானம் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சியிலிருந்து கவனத்தைத் திருப்புவதற்காக அக்காள் வைஷாலியைப் பெற்றோர் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். அக்காள் ஆடுவதைப் பார்த்துத் தம்பி காய்களைத் தொட்டார். 2023 டிசம்பரில் வைஷாலியும் அந்தத் தகுதியை எட்டியபோது, உலகின் முதல் கிராண்ட்மாஸ்டர் அக்காள் தம்பி இணையாக அவர்கள் ஆனார்கள். பயிற்சியாளர்களின் உழைப்பு அதில் மிகப் பெரியது. ஆனால் அந்தச் சிறுவனுக்கு முதல் விருப்பம் பிறந்தது வீட்டுக்குள்ளேதான். ஊர் ஊராகப் போட்டிகளுக்கு அழைத்துச் சென்றவரும் தாயார்தான். மடிப்பாக்கத்தில் ஆறு வயது அக்காளும் நான்கு வயதுத் தம்பியும் இருக்கிறார்கள். அக்காள் செய்வதைத் தம்பி பார்க்கும் வாய்ப்பை மட்டும் கொடுங்கள், அவன் தானாகவே உங்கள் புடவைத் தலைப்பை விட்டுவிட்டு வருவான்.

தவறான பிடியைப் பற்றி ஒரு வார்த்தை. பிடி கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம், பிள்ளைக்குப் பெரியவர்களின் கருவியைக் கொடுப்பது. டென்னிஸில் இதற்கென்றே சிறுவர் பந்துகள் வந்துவிட்டன. சிவப்புப் பந்து வழக்கமான பந்தைவிட 75 விழுக்காடு மெதுவாகவும், ஆரஞ்சு 50 விழுக்காடு, பச்சை 25 விழுக்காடு மெதுவாகவும் செல்லும். ஆடுகளமும் அதற்கேற்பச் சிறியது. 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு விதியே வகுத்திருக்கிறது. கருவி பொருந்தினால், வீட்டில் விளையாடியதால் கெட்டுப்போனது என்று சொல்வதற்கு அதிகம் இருக்காது.

மடிப்பாக்கம் வாசகி எழுதியது:

இவ்வளவு அக்கறையுடன் எழுதிய அனைவருக்கும் நன்றி. கணவரிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். அவர் நீச்சல் கற்கத் தயாராக இருக்கிறார். மகளுக்கு முகத்தில் தண்ணீர் பட்டாலே அழுகை வருகிறது, தலைக்குக் குளிப்பாட்டும் நாளில் வீடே கலவரமாகிவிடும். அவளை எப்படிப் பழக்குவது? மேலும் வீட்டில் இரண்டு சிறிய சைக்கிள்கள் இருக்கின்றன. பக்கச் சக்கரங்களுடன் நன்றாக ஓட்டுகிறாள். அவற்றைக் கழற்றினால் உடனே சாய்ந்துவிடுகிறாள். கணவர் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி முதுகு வலியுடன் திரும்புகிறார்.

இருசக்கரம் (திருச்சி) எழுதியது:

சைக்கிளுக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன், ஏனெனில் எங்கள் தெருவில் பிள்ளைகள் பலருக்கு இந்த முறையில் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பக்கச் சக்கரம் பெடல் மிதிக்கக் கற்றுக்கொடுக்கிறது, சமநிலையைக் கற்றுக்கொடுப்பதில்லை. சைக்கிள் ஓட்டுவதில் கடினமானது சமநிலைதான். ஆகவே பக்கச் சக்கரத்தோடு பெடலையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். வலப்பக்கப் பெடல் வழக்கம்போல் இடஞ்சுழியாகக் கழலும். இடப்பக்கத்தில் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். அதை வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் திருகி மரையைக் கெடுத்துக்கொள்பவர்கள் பலர்.

பிறகு, பிள்ளை அமர்ந்தால் இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் படியும் அளவுக்கு இருக்கையை இறக்குங்கள். முதலில் நடப்பாள், அடுத்து ஓடுவாள், சில நாள்களில் இரு கால்களையும் தூக்கிக்கொண்டு சிறிது தூரம் மிதந்து செல்வாள். அந்தத் தூரம் நீளும்வரை பொறுத்திருங்கள், அவசரப்பட்டுப் பெடலை மாட்டாதீர்கள். மிக இலேசான சரிவுள்ள சிமெண்டுத் தரை இதற்கு ஏற்றது; புல்தரையில் விழுந்தால் வலிக்காது என்று அங்கே கொண்டுபோனால் சக்கரம் உருளாது, பிள்ளைக்குச் சலிப்பு வரும். கால்களைத் தூக்கிக்கொண்டு வளைவில் திரும்பவும் பிரேக் பிடித்து நிற்கவும் தெரிந்த பிறகு பெடலை மாட்டினால், பெரும்பாலான பிள்ளைகள் அன்றே ஓட்டிவிடுகிறார்கள். உங்கள் கணவர் பின்னால் ஓட வேண்டியதில்லை. அவரும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னால் மெதுவாகச் செல்லட்டும். கைப்பிடியைப் பிடித்து வழிநடத்தும் பெரியவர், பிள்ளையின் சமநிலையைத் தம் கையில் வைத்துக்கொள்கிறார். பிடித்தே தீர வேண்டும் என்றால் பிள்ளையின் தோளையோ முதுகையோ தொட்டால் போதும்.

நான்கு வயது மகனுக்கும் இதே முறைதான், பெடல் இல்லாத நிலையிலேயே மாதக்கணக்கில் விட்டாலும் தவறில்லை. தலைக்கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் அமர வேண்டும். பின்மண்டையில் தொங்கும் கவசத்தால் பயன் இல்லை. ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.

இரட்டையரின் தாய் (நாகர்கோவில்) எழுதியது:

தண்ணீர்ப் பயத்துக்கு என் அனுபவத்தை எழுதுகிறேன். என் பிள்ளைகளில் ஒருத்திக்கு இதே பயம் இருந்தது. குளத்துக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே ஓர் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நாங்கள் மூவரும் சுற்றி அமர்ந்து வாயால் குமிழி விடுவோம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மூக்குவரை. அதன் பிறகு நீச்சல் கண்ணாடி அணிந்து தண்ணீருக்கடியில் கிடக்கும் நாணயத்தை எண்ணுவது. எந்தப் படியிலும் நான் அவள் தலையைத் தொட்டதில்லை. முகத்தை நனைப்பதும் எடுப்பதும் முழுக்க அவள் விருப்பத்தில் இருந்தது என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன்.

குளத்தில் முதலில் கற்க வேண்டியது கையடியோ காலடியோ அன்று. தண்ணீரில் தவறி விழுந்தால் உடலைத் திருப்பிச் சுவரைப் பிடிப்பது, சுவரைப் பிடித்தபடியே நகர்ந்து படிக்கட்டை அடைவது, மல்லாந்து மிதந்து மூச்சு விடுவது ஆகிய மூன்றும்தான் எங்கள் பயிற்சியாளர் முதலில் கற்றுக்கொடுத்தவை. என் மற்றொரு மகளுக்குச் செவித்திறன் குறைவு. காது கேட்கும் கருவியை நீரில் கழற்றிவிட வேண்டும் என்பதால், நில், வெளியே வா, நன்றாக இருக்கிறாயா என்ற மூன்றுக்கும் கைச்சைகைகளைக் கரையிலேயே பேசி வைத்துக்கொண்டோம். இப்போது குடும்பம் முழுவதும் அந்தச் சைகைகளைத்தான் பயன்படுத்துகிறோம். இரைச்சலான குளத்தில் கேட்கும் திறனுள்ள பிள்ளைகளுக்கும் அவை உதவுகின்றன.

பேரன் பேத்தி எழுதியது:

சுருக்கமாக எழுதுகிறேன். பணம் செலவழித்து வாங்க எதுவும் இல்லாத விளையாட்டுகளையும் பட்டியலில் சேருங்கள். மொட்டை மாடியில் ஒரு பாண்டிக் கட்டம் வரைந்தால் ஒற்றைக்காலில் நிற்பதும் தாவுவதும் குறி பார்த்துச் சில்லை எறிவதும் ஒன்றாக வந்துவிடுகின்றன. ஆறு வயதுக்காரி எட்டுக் கட்டமும் ஆடலாம். நான்கு வயதுக்காரன் இரண்டு காலாலும் குதித்துச் செல்லட்டும். பச்சைக்குதிரை, கண்ணாமூச்சி, பம்பரம் ஆகியவற்றைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிடுங்கள். எங்களுக்கும் வேலை வேண்டும்.

கிழக்குக் கடற்கரை எழுதியது:

கோவளத்துக்கு அருகில் வசிப்பதால் கடலைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. அலைச்சறுக்குக் கற்பிக்கும் மீனவ இளைஞர்கள் இங்கே இருக்கிறார்கள்; விடுமுறை நாள்களில் தந்தையும் மகளும் ஒரே பலகையில் படுத்து நுரை அலையில் கரைக்கு வருவதைப் பார்க்க முடிகிறது. உங்கள் மகளுக்கு நீரில் மிதக்க வந்த பிறகு இதை முயன்று பாருங்கள். முதல் நாளில் எழுந்து நிற்க வேண்டியதே இல்லை, இடுப்பளவுக்குக் குறைவான நீரில் படுத்தபடி வந்தாலே போதும். மென்மையான மேற்பரப்புள்ள பலகையும், பிள்ளைக்குப் பொருந்தும் மிதவைச் சட்டையும், ஒரு பிள்ளைக்கு ஒரு பயிற்றுநரும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் மணலில் வீடு கட்டிவிட்டுத் திரும்புங்கள்.

காற்று குறைவாக உள்ள அதிகாலையே நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், சிறுவர்களைக் கடலில் இறக்காதீர்கள். மெரினாவில் எந்த மாதத்திலும் இறக்காதீர்கள். கரையை ஒட்டியே ஆழமும் இழுப்பும் உள்ள கடற்கரை அது. குளிக்கத் தடை விதித்திருப்பது அதனால்தான். இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலக வேண்டும் என்பதைப் பெரியவர்கள் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

மைதானம் எழுதியது:

சிவப்புப் பந்தைப் பற்றியும் பெடலைக் கழற்றுவது பற்றியும் படித்த பிறகு, இரண்டாவது பிள்ளைக்கு என் வழியைச் சிறிது மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். எனினும் ஒரு கருத்தில் மாறவில்லை: ஒவ்வொரு வாரமும் புதியது ஒன்று என்று தாவக் கூடாது. தொடங்கிய ஒன்றைக் குறைந்தது ஒரு பருவமாவது தொடர வேண்டும்.

மடிப்பாக்கம் வாசகி எழுதியது:

அதையே நானும் கேட்க நினைத்தேன். நடுவில் பிள்ளை வேண்டாம் என்றால் என்ன செய்வது? மேலும் மழைக்காலத்தில் இரண்டு மாதங்கள் வெளியே போக முடியாது. அதுவரை பழகியது விட்டுப்போகாதா?

சுவடு (மதுரை) எழுதியது:

மைதானம் அவர்கள் சொல்வதுடன் உடன்படுகிறேன், ஆனால் பருவம் என்பதை வயதுக்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். மகளிடம் தொடக்கத்திலேயே, பள்ளி அரையாண்டு விடுமுறை வரை போவோம், பிறகு உன்னைக் கேட்டு முடிவு செய்வோம் என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி கேட்கவும் செய்யுங்கள். நான்கு வயது மகனிடம் அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது. அவன் வேண்டாம் என்ற நாளில் ஓரத்தில் அமர்ந்து பார்க்கட்டும். வேண்டாம் என்பது எப்போதும் விளையாட்டைப் பற்றியதாக இராது. பசி, தூக்கம், கடுமையாகப் பேசும் பயிற்சியாளர், கேலி செய்யும் பெரிய பையன், நாற்றமடிக்கும் கழிப்பறை என்று எதுவாகவும் இருக்கலாம். வீட்டுக்கு வரும் வழியில் கேட்காதீர்கள், இரவு உணவின்போது கேளுங்கள். அப்போதுதான் சொல்வார்கள்.

குழந்தைநலம் (கோவை) எழுதியது:

மழைக்காலத்தைப் பற்றி: இரண்டு மாதம் நீந்தாததால் மிதப்பது மறந்துபோகாது, மூச்சுப் பழக்கம் மட்டும் சிறிது குறையும், அதற்கு நாகர்கோவில் சகோதரி எழுதிய பாத்திரக் குமிழியைத் தொடரலாம். கூடத்தில் குறுக்கே ஒரு கயிறு கட்டி, பலூனை இறகுப்பந்தாகக் கொண்டு வெறுங்கையால் ஆடுங்கள். நான்கு வயதுக் குழந்தையால் வேகமாக வரும் பொருளைக் கண்ணால் தொடர்ந்து கையைக் கொண்டுசெல்ல இயலாது. பலூன் மெதுவாக இறங்குவதால் அவனாலும் அக்காளுக்கு ஈடுகொடுத்து ஆட முடியும். உடைந்த பலூனின் துண்டுகளை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள், சிறு குழந்தைகள் வாயில் போட்டுக்கொண்டால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். தரையில் ஈரமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலுறையுடன் ஆடவிடாதீர்கள், வெறுங்காலே நல்லது.